வளர்ந்தவர்களின் உளச்சிகிச்சையில் பிணைப்புக் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பணி செய்யும் என்னிடம் துணைநாடிகளும் (உளவளத்துணை நாடி வருவோர்), அவர்களை அழைத்துவரும் உறவினரும், பயிற்சி பெறும் இளையவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. உதாரணங்களில் வருவோர் எவரும் தனியொரு மனிதரைக் குறிப்பவர் அல்லர். பலரிடம் கேட்டவற்றின் சாயலில் அமைக்கப்பட்டவர்கள்.

பிணைப்புக் கோட்பாடு என்றால் என்ன?

பால் தருபவர் என்பதனால்தான் குழந்தை தாயோடு ஒட்டிக்கொள்கிறது என்று 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உளப்பகுப்பாய்வாளரும் நடத்தைவாதிகளும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லிவந்தனர். லண்டன் டவிஸ்ரொக் சிகிச்சை நிலையத்தில் பணியாற்றிய உளமருத்துவர் ஜோன் போல்பி (1907–1990) இதனை ஏற்கவில்லை. பயந்தபோதும் களைத்தபோதும் நோயுற்றபோதும் தன்னைக் காக்கக்கூடிய ஒருவரின் அருகை நாடுவது பசியைப் போலவே தனித்த ஓர் இயல்பூக்கம் என்பது அவருடைய வாதம். பாற்போத்தல் பொருத்திய கம்பித் தாயை விட்டுப் பாலில்லாத துணித் தாயையே குரங்குக் குட்டிகள் கட்டிக்கொண்டிருந்ததை ஹரி ஹார்லோ 1958 இல் எடுத்துக்காட்டியது அந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. போல்பி தன் கோட்பாட்டை 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் தொகுதிகளாக எழுதி முடித்தார்.

நம்முடைய வீட்டு முற்றத்திலேயே இதைக் காணலாம். விறாந்தையில் அம்மம்மா இருக்கும்வரை குழந்தை பூவரச மரம் வரை தத்தித் தத்திப் போகும். இடையிடையே திரும்பிப் பார்க்கும். நாய் குரைத்தால் ஓடிவந்து சேலைக்குள் முகம் புதைக்கும். அம்மம்மா அப்பிள்ளைக்கு இரண்டு வேலை செய்கிறார்: துணிந்து போவதற்கு அடித்தளமாகவும், பயந்து திரும்புவதற்கு அடைக்கலமாகவும் இருக்கிறார். கோட்பாட்டின் மற்றக் கருத்துகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

இது குழந்தைகளைப் பற்றியதாக இருக்கிறதே. வளர்ந்தவருக்கு எப்படிப் பொருந்தும்?

அடைக்கலம் தேடும் தேவை தொட்டில் முதல் சுடுகாடு வரை இருக்கிறது என்பதில் போல்பி உறுதியாக இருந்தார். யாரிடம் போகலாம், போனால் என்ன கிடைக்கும், தான் உதவி பெறத் தகுந்தவன்தானா என்ற எதிர்பார்ப்புகள் சிறுவயதில் உள்ளே எழுதப்பட்டு, பிறகு நண்பர், துணைவர், மேலதிகாரி, வைத்தியர் என எல்லோரிடமும் நாம் நடந்துகொள்ளும் முறையை அறியாமலே வழிநடத்துகின்றன.

அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வர்த் 1954–55 இல் உகண்டாவின் கிராமங்களிலும், பின்னர் அமெரிக்காவின் போல்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளில் இருந்து கவனித்தார். ஒரு வயதுக் குழந்தையைத் தாய் அந்நிய அறையில் சிறிது நேரம் விட்டுப் பிரிந்து மீளும் சோதனையில், அழுதாலும் தாய் வந்ததும் தேறி விளையாடச் செல்லும் பிள்ளைகளையும், தாய் வந்ததைக் கவனியாததுபோல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும், தூக்கச் சொல்லிக் கைநீட்டி, தூக்கியதும் உதறும் பிள்ளைகளையும் அவர் வேறுபடுத்தினார். பாதுகாப்பான பிணைப்பு, தவிர்க்கும் பிணைப்பு, இருமனப்பட்ட பிணைப்பு என்று இவை வழங்கப்படுகின்றன. இவற்றுள் அடங்காமல், தாயை நோக்கி வந்து நடுவழியில் உறைந்துபோவது போன்ற நடத்தைகளை மேரி மெயினும் யூடித் சொலமனும் 1980களில் ஒழுங்கு குலைந்த பிணைப்பு எனப் பெயரிட்டனர். 1987 இல் ஹசான், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்தவர்களின் காதல் உறவுகளையும் இதே கண்ணாடியால் பார்க்கத் தொடங்கினர்.

இணையத்தில் ஒரு வினாக்கொத்தை நிரப்பினேன். நான் 'தவிர்க்கும் வகை' என்று வந்தது. உண்மையா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இராசிபலனைப் போல இது பரவிவிட்டது. வினாக்கொத்து நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை அளக்கிறது. நேர்காணல் மூலம் அளக்கப்படும் பிணைப்போடு அது மிகச் சிறிதளவே ஒத்துப்போகிறது என்பது ஆய்வாளர்கள் நன்கறிந்த விடயம். ஒரே மனிதர் தாயிடம் ஒரு விதமாகவும் மனைவியிடம் இன்னொரு விதமாகவும் இருப்பார். தன் வகையைக் கண்டுபிடித்த களிப்போடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக யாரிடம் உதவி கேட்டீர்கள் என்பதைத்தான்.

அப்படியானால் சிகிச்சையாளர் எதைக் கேட்டு அறிகிறார்?

என்ன நடந்தது என்பதோடு, அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதையும் கேட்கிறார். பிணைப்புக் கோட்பாடு வளர்ந்தவர்களின் சிகிச்சைக்குத் தந்த மிகப் பெறுமதியான கொடை இதுதான் என்பது என் எண்ணம்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேரி மெயினும் அவருடைய சகாக்களும் 1980களின் நடுப்பகுதியில் வளர்ந்தவர்களுக்கான ஒரு நேர்காணலை உருவாக்கினர். ஒரு மணித்தியாலம் அளவில் நடக்கும் அந்த நேர்காணலில், தாயோடிருந்த உறவை விவரிக்க ஐந்து சொற்கள் கேட்கப்படும்; பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரமாக ஒரு சம்பவம் கேட்கப்படும். சொல்லுக்கும் சம்பவத்துக்கும் இடையே உள்ள பொருத்தம்தான் கவனிக்கப்படுகிறது. கொடிய பிள்ளைப்பருவம் கண்டவரும் அதை ஒழுங்காக, நிதானமாக, தன்னையும் பெற்றோரையும் விளங்கிக்கொண்டு சொல்ல முடிந்தால் பாதுகாப்பானவராகவே கணிக்கப்படுவார்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சிடிப்பும் நித்திரையின்மையும் என்று வருகிறார் என வைத்துக்கொள்வோம். இருதயத்தில் பழுதில்லை என்று வைத்தியர் அனுப்பிவைத்திருக்கிறார். தாயைப் பற்றிக் கேட்டால், "அம்மா சரியான அன்பானவ. எங்களுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை" என்கிறார். ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால் நெடுநேரம் யோசித்து, "ஞாபகமில்லை, ஆனால் நல்லாத்தான் பாத்தவ" என்கிறார். இரண்டு கிழமை கழித்து, மாமரத்தால் விழுந்து கை முறிந்த நாளைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்கிறார்: "ஆரிட்டையும் சொல்லேல்லை. இரவு கை வீங்கின பிறகுதான் அப்பம்மா கண்டவ." முறிந்த கையோடு ஒரு பிள்ளை மாலை முழுவதும் பேசாமல் இருந்திருக்கிறது. அன்பானவ என்ற சொல்லும் அந்த மாலையும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இவ்வாறு ஒதுக்கிப் பேசுவோர் இருப்பதுபோல, பழைய மனத்தாங்கலுக்குள் மூழ்கி, ஒரு கேள்விக்கு முக்கால் மணித்தியாலம் பதில் சொல்லி, நேற்று நடந்ததா முப்பது வருடத்துக்கு முன் நடந்ததா என்று தெரியாதபடி பேசுவோரும் உண்டு. முன்னவருக்குச் சம்பவங்களை மெல்ல மீட்டுத் தர வேண்டும். பின்னவருக்குக் கதையில் நிறுத்தற்குறி இட உதவ வேண்டும்.

அந்த நேர்காணலை முறைப்படி மதிப்பிடுவதற்கு நீண்ட தனிப்பயிற்சி வேண்டும். நான் அதைச் சோதனையாகப் பயன்படுத்துவதில்லை. அதன் காதை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு இந்தக் கோட்பாடு எப்படிப் பொருந்துகிறது?

இங்கே கோட்பாட்டை அப்படியே பிரயோகித்தால் பிழை விடுவோம். நான் சொன்ன நேர்காணலில், இறந்துபோன ஒருவரைப் பற்றி உயிரோடிருப்பவர்போல் நிகழ்காலத்தில் பேசுவது தீராத இழப்பின் அடையாளமாகக் குறிக்கப்படும். ஆனால் போர் முடிந்த 2009 மே மாதத்தில் கண்முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட தந்தையைப் பற்றி மகன், "அப்பா கோபக்காரர், ஆனால் எங்களில சரியான பட்சம்" என்று சொல்லும்போது, அந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இருக்கிறார்' என்றால் நம்ப ஆதாரமில்லை. 'இருந்தார்' என்றால் கொன்றுவிட்டதுபோல் ஆகிறது. தமிழில் வினையில்லாமலும் பேசலாம் என்பது இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு புகலிடமாகிவிட்டது. இது சிந்தனையின் சறுக்கலாகாது; நிலைமையைத் துல்லியமாகச் சொல்லும் பேச்சு.

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என அழைத்தார். நம்மிடத்தில் அதன் முகம் வேறு. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். இந்த மகன் விரதம் இருப்பதா, விடுவதா? இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை நடக்காத வீட்டில் தாய் பொட்டை அழிப்பதா? ஒவ்வொரு ஆண்டும் நாட்காட்டியே அவர்களிடம் விடை கேட்கிறது. பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் விடப்பட்ட சிறுவர்களை ஜேம்ஸ் ரொபேட்சனோடு சேர்ந்து கவனித்த போல்பி, முதலில் எதிர்ப்பு, பிறகு துயரத் தளர்வு, பிறகு விலகல் என்று மூன்று கட்டங்களைக் கண்டார். முதற் கட்டமான எதிர்ப்பில் அழுகையும் தேடலும் சேர்ந்தே இருக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய தாய்மாரின் வீதிப் போராட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால், அது பிணைப்பு செய்ய வேண்டிய வேலையையே செய்துகொண்டிருப்பது தெரியும். "ஏற்றுக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஆறுவீர்கள்" என்று சிகிச்சையறையில் வற்புறுத்துவதை நான் கொடுமை என்றே கருதுகிறேன். 'இருக்கவும் கூடும், இல்லாமற் போயிருக்கவும் கூடும்' என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு, மிச்சப் பிள்ளைகளோடு சாப்பிட, சிரிக்க, கோபிக்க இடம் செய்வதே அங்கு செய்யக்கூடியது.

இது கடைசியில் அம்மாமாரைக் குறைசொல்லும் கோட்பாடுதானே?

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் போல்பி எழுதிய அறிக்கை, தாய்மார் வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கு ஆதாரமாகப் பலராலும் காட்டப்பட்டது. பிள்ளைகளை மதிக்கும் சமூகம் அவர்களின் பெற்றோரைப் பேண வேண்டும் என்று அதே அறிக்கையில் அவர் எழுதியதை எடுத்துக்காட்டியோர் குறைவு.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனம் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது இடுப்பில் பிள்ளையோடு நடந்த தாய், அந்தப் பிள்ளைக்கு எப்படி நிதானமான அடைக்கலமாக இருந்திருக்க முடியும்? பெற்றோரே பயத்தின் ஊற்றாக, அல்லது காரணம் புரியாதபடி பயந்தவராக இருக்கும்போது பிள்ளையின் பிணைப்பு ஒழுங்கு குலைகிறது என்று மெயினும் எரிக் ஹெஸ்ஸேயும் விளக்கினர். பங்கருக்குள் நடுங்கிய தாயின் பயத்துக்குக் காரணம் ஷெல் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்த வேறுபாட்டை, இப்போது முப்பது வயதைக் கடந்திருக்கும் அந்தப் பிள்ளையோடு பேசுவது பெரும் ஆறுதலாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளோடும் அப்படித்தான்: பிரிவின் வலியைச் சிறிதும் குறைத்துச் சொல்லாமல், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், இரண்டையும் பேச வேண்டும்.

போரின் காயம் தனிமனிதருக்குள் மட்டுமன்றிக் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் நிகழ்ந்தது என்பதை, இங்கு நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்ற கருத்தினூடாக எழுதிவந்திருக்கிறார். பிணைப்பை மட்டும் படித்துவிட்டு வருவோர் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெரியம்மா, சித்தி, அம்மம்மா என்று பலர் வளர்த்த எங்களுக்கு மேலைநாட்டார் கோட்பாடு பொருந்துமா?

கோட்பாட்டின் முதல் கள ஆய்வே உகண்டாவில், பல கைகளில் பிள்ளை வளரும் வீடுகளில் நடந்தது என்பது பலருக்கும் தெரிவதில்லை. எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை 1988 இல் ஒருங்கே பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், நாடுகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு அதிகம் எனக் கண்டனர். ஆயினும் தனித்து நிற்பதே முதிர்ச்சி என்ற மேலைநாட்டு விழுமியம் கோட்பாட்டின் மொழிக்குள் படிந்திருப்பதை மறுக்க முடியாது. முப்பத்தைந்து வயது மகன் காணி வாங்குவதற்கு முன் அம்மாவைக் கேட்பதை பதகளிப்புப் பிணைப்பு (விடப்படுவோமோ என்ற பயம் மிகுந்த பிணைப்பு) என்று எழுதும் பயிற்சியாளரை நான் திருத்த வேண்டியிருக்கிறது. கேட்காமல் வாங்க முடியுமா, வாங்கினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார் என்பதையே விசாரிக்க வேண்டும்.

ஆகவே முதல் சந்திப்பில் நான் "அம்மா எப்படி?" என்று தொடங்குவதில்லை. "சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுத்திருப்பார்கள்?" என்று கேட்கிறேன். வருகிற பெயர் சில வேளைகளில் மாமி. சில வேளைகளில் அடுத்த வளவு ஆச்சி.

சிகிச்சையறையில் உண்மையில் என்ன நடக்கிறது?

சிகிச்சையாளரின் பணிகள் ஐந்து என்று போல்பி 1988 இல் வகுத்தார். வலிக்கும் விடயங்களை ஆராய்வதற்கு ஏற்ற அடித்தளமாகத் தானே இருப்பது முதலாவது. இன்றைய உறவுகளில் நாம் கொண்டுவரும் எதிர்பார்ப்புகளைப் பார்ப்பது, அவை சிகிச்சையாளர் மீதே எப்படி விழுகின்றன என்று பார்ப்பது, அவை எந்தப் பழைய அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம் என்று தேடுவது, இன்றைக்கு அவை பொருந்துகின்றனவா என்று மறுபரிசீலனை செய்வது ஆகியன மற்றவை. எழுதும்போது ஒழுங்காகத் தெரிகிறது; நடக்கும்போது எல்லாம் கலந்தே நடக்கும்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய உறவின் உணர்வுகள் சிகிச்சையாளர் மீது விழுவதை நாம் இடமாற்றம் என்கிறோம். அரச அலுவலகங்களில் அதே சொல்லுக்கு இருக்கும் பொருள் உங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் பேசிப் பழகிய உளவளத்துணை உத்தியோகத்தர் திடீரென வவுனியாவுக்கு இடமாற்றம் பெற்றுப் போனால், முதலாவது இடமாற்றம் இரண்டாவதால் வெட்டப்படுகிறது. ஏற்கனவே விட்டுப்போகப்பட்ட ஒருவர் மீண்டும் விட்டுப்போகப்படுகிறார். இதை நிர்வாக விடயம் என்று ஒதுக்காமல், குறைந்தது நான்கு சந்திப்புகளுக்கு முன்னரே சொல்லிப் பேசிப் பிரிய வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு கிழமை விடுமுறை எடுப்பதற்கும் இது பொருந்தும். பருத்தித்துறையிலிருந்து 750 பஸ்ஸில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒருவர், அடுத்த முறை "பரவாயில்லை, உங்களுக்கு எவ்வளவோ வேலை" என்று சிரித்தால், அந்தச் சிரிப்பில் நின்று பேச வேண்டும். கைமுறிந்த மாலையில் இருந்த பிள்ளையும் அப்படித்தான் சிரித்திருக்கக் கூடும்.

இன்னொன்று, நம் ஊரின் அளவு. "எந்த ஊர், ஆற்றை மகள்?" என்ற கேள்வியிலேயே இங்கு உறவு தொடங்குகிறது. துணைநாடி என்னை அக்கா என்று அழைப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் அக்காவிடம் சொன்னால் மச்சாளுக்குப் போகும் என்ற அனுபவமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. எனவே இரகசியம் காப்பது பற்றி ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்துவிட முடியாது.

வளர்ந்த பிறகு இது மாறுமா?

மாறும். ஒரு வயதில் சோதிக்கப்பட்ட 50 பேரை 20 ஆண்டுகள் கழித்து நேர்கண்ட அமெரிக்க ஆய்வொன்றில் 72 சதவீதத்தினர் பாதுகாப்பானவர், அல்லாதவர் என்ற பிரிவில் மாறாதிருந்தனர். அதைப் போலவே 2000 ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, வறுமையிலும் இடர்களிலும் வளர்ந்தோரிடையே அத்தகைய தொடர்ச்சியைக் காணவில்லை. வாழ்க்கை குலைந்தால் பிணைப்பும் குலையும். வாழ்க்கை தேறினால் அதுவும் தேறக்கூடும்.

சிகிச்சையால் மாறுமா என்பதற்கு, எல்லைக்கோட்டு ஆளுமைக் குழப்பம் (உணர்வுகளும் உறவுகளும் அடிக்கடி தத்தளிக்கும் நிலை) உடைய 90 பேரை மூன்று சிகிச்சைகளுக்குப் பிரித்து ஓராண்டு பின்தொடர்ந்த கெனத் லெவி குழுவினரின் 2006 ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்காட்டலாம். சிகிச்சையாளருடனான உறவையே மையமாகக் கொண்டு பேசிய சிகிச்சையில் மட்டும், பாதுகாப்பான நிலைக்கு மாறியோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. பீட்டர் ஃபொனகியும் அந்தனி பேற்மனும் உருவாக்கிய முறையும் இதே மண்ணில் முளைத்ததுதான்: தன் மனதிலும் மற்றவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நின்று யோசிக்கும் ஆற்றல், பதற்றத்தில் முதலில் கைவிட்டுப் போவதால், அதையே பயிற்றுகிறார்கள்.

கணவர் கனடாவில். வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இது என் பிணைப்பின் பிழையா?

பாதி உங்களுடையது, பாதி பத்து மணித்தியாலத்தையும் தாண்டக்கூடிய நேர வித்தியாசத்தினுடையது. நீங்கள் பத்துத் தரம் அழைக்க, அவர் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்க, அதனால் நீங்கள் பதினோராம் தரம் அழைப்பது ஒரு வட்டம். தம்பதியருக்கான உணர்வுமையச் சிகிச்சையை உருவாக்கிய சூ ஜோன்சன் அந்த வட்டத்தையே இருவருக்கும் பொதுவான எதிரியாகக் கண்டார். "ஏன் எடுக்கேல்லை?" என்பதன் அடியில் "நான் இன்னும் உங்களுக்கு வேணுமோ?" என்ற கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க முடிந்தால், அழைப்புகளின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

ஒரு விதிவிலக்கு. அடிக்கும் கணவரைக் கண்டு பயப்படும் பெண்ணின் பயம் பிணைப்புப் பிரச்சினை இல்லை. அங்கே முதலில் தேவைப்படுவது பாதுகாப்பான இடமும் சட்ட உதவியும். தம்பதியரை ஒன்றாக இருத்திப் பேசுவது ஆபத்து.

'பிணைப்புச் சிகிச்சை' ஆபத்தானது என்று வாசித்தேனே?

அது வேறு. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை இறுக்கிப் பிடித்தும் போர்வையால் சுற்றியும் செய்யப்பட்ட வன்முறையான முறைகள் அந்தப் பெயரில் அமெரிக்காவில் நடந்தன. 2000 ஆம் ஆண்டில் கொலராடோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதில் இறந்தாள். போல்பியின் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை.

எப்போது இது மட்டும் போதாது?

தற்கொலை எண்ணம், கடும் மனச்சோர்வு, உளப்பிறழ்வு, மதுவில் தங்கியிருத்தல் ஆகியவற்றில் உளமருத்துவரைக் காணாமல் பேச்சை மட்டும் நம்பக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கடன்காரர் படலையில் நிற்கும் வீட்டில் பிள்ளைப்பருவத்தைப் பற்றிப் பேசுவதும் அபத்தம். கடனைப் பற்றியே முதலில் பேசுங்கள்.

சிகிச்சை எப்படி முடிகிறது?

நாளைக் குறித்து, எண்ணி, மெல்ல முடிகிறது. பிரிவு பற்றிய கோட்பாடு ஒன்றின் வழி நடந்த சிகிச்சையில் கடைசி மாதமே பெரும்பாலும் கனமான மாதம். பழைய அறிகுறிகள் சில திரும்பி வரும். சிலர் கடைசிச் சந்திப்புக்கு வராமலே விட்டுவிடுவார்கள், தாம் விடப்படுவதற்கு முன் விட்டுவிடும் பழக்கத்தால். அப்படியானவருக்கு நான் தொலைபேசி எடுத்து, வழமையான நாளில் அதே நேரம் காத்திருப்பதாகச் சொல்வேன்.

நம் வீடுகளில் 'போறன்' என்று சொல்லிப் படலை தாண்ட விடமாட்டார்கள். 'போட்டு வாறன்' என்றே சொல்ல வேண்டும். கடைசி நாளிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு எழும்புகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாளைக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வருவோர் உண்டு, மாம்பழப் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே போவோரும் உண்டு.